காகத்துக்கு வைச்ச சோறு

புரட்டாதிச் சனி விரதமெண்டால் நான் துவக்கைத் தொடமாட்டன். அதனால என்ர வேட்டைக் கூட்டாளி, ஜேர்மன்காரன் யூர்கன், இண்டைக்குத் தனியப் பரணில ஏறினவன். அந்தப் பெரிய கொம்பு மான் சனிக்கிழமை பின்னேரங்களிலதான் காட்டுப் பாதையால வருகுதெண்டு மரத்தில கட்டின கமராவில பார்த்துச் சொன்னது நான்தான். அது எங்க போகுதெண்டு அறிய, காலமை கமராவை எங்கட வீட்டுப் பின்பக்கக் காட்டோரத்துக்கு மாத்திக் கட்டினன்.

பின்னேரம் முதல் படம் போனுக்கு வந்தது. மானில்லை. மண்ணிறக் கோட்டோட குனிஞ்சுகொண்டு என்ர மனுசி தர்மிகா! விரதச் சோற்றைக் காகத்துக்குப் பல்கனியில வைச்சால் பக்கத்து வீட்டுக்காரி கத்துறாளெண்டு காட்டுக்கே கொண்டுபோயிருக்கிறாள், விசரி.

யூர்கன் போனை நிப்பாட்டியிருந்தான்; பரணில ஏறினால் அவன்ர வழக்கம் அது. தர்மிகாவின்ர போன் குசினி மேசையில கிடந்து அடிச்சுது. அவளை மானெண்டு நினைச்சு அவன் சுட்டிட்டானெண்டால்? பரணடிக்குப் போகக் கார்த் திறப்பைத் தேடினன்.

கதவு திறந்தது. தர்மிகா சிரிச்சுக்கொண்டு நிண்டாள்.

"இஞ்சருங்கோ, இண்டைக்கும் காகம் வரேல்லை. அந்த மான்தான் வந்து சாப்பிட்டுக்கொண்டு நிக்குது. சனீஸ்வரன் ஏற்றுக்கொண்டிட்டார். வாங்கோ, நாங்களும் சாப்பிடுவம்."

போன் அடிச்சது. யூர்கன்.

"மான் விழுந்திட்டுது! வாயெல்லாம் சோறாக் கிடக்கு. காட்டுக்க சோறு எங்கால?"