பூங்கொம்பு குளோபலின் பங்குதாரர்

வர்த்தக உலகம் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது. ஆனி மாதம் மூன்றாவது ஞாயிறு, பகல் பன்னிரண்டேகால் மணிக்கு, அவிநாசி ரோட்டிலுள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில், பூங்கொம்பு குளோபல் நிட்ஸ் லிமிடெட்டின் பேக்கிங் இன்சார்ஜ் திரு. மாரிச்செல்வம் அவர்கள் முதலீட்டாளர் ஆனார். வைபவத்தை முன்னிட்டுத் தயிர்சாதம் வழங்கப்பட்டது. உலகம் வழக்கம்போல வேறு வேலையாக இருந்தது.

பங்குச் சந்தை வகுப்புக்குக் கட்டணம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, சாப்பாடு உட்பட. நடத்தியவர் கவின். வயது இருபத்தெட்டு. மூன்று வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஃபைல் தூக்கியவர், இப்போது அந்த வெயிலிலும் கோட்டு. பந்தி மேசைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்த டெய்லர்களுக்கும் கட்டிங் மாஸ்டர்களுக்கும் அவர் மூன்று எண்களைத் தந்தார். பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் பத்துக்குள் வர வேண்டும். கடன், சொந்த மூலதனத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கையிலிருக்கும் சரக்கும் வரவேண்டிய பணமும், உடனே கொடுக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இதற்குப் பெயர் கரன்ட் ரேஷியோ. "மூணும் சரியா இருந்துச்சுன்னா கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார் கவின். மாரிச்செல்வம் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். பின்னாளில் அவர் அந்த வகுப்பில் படித்ததில் ஒன்றை மட்டும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார் என்றால் அது கண்ணை மூடியதுதான்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பதினேழு வருடம். மனைவி ஜோதிகா அதே கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றாள். வாடகை லைன் வீடு, பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். அவிநாசிபாளையத்தில் மருதாள் என்ற அம்மாளின் தோட்டத்தை மனை போட்டதில் இரண்டரை சென்ட் பேசி, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். மிச்சம் மூன்று லட்சத்து எண்பதாயிரத்தைத் தை பிறப்பதற்குள் கட்டிப் பத்திரம் பண்ண வேண்டும், தவறினால் அட்வான்ஸ் போகும். அந்தப் பணம் பேங்கில் இருந்தது. ஜோதிகா மனையின் ஈசானி மூலையில் ஒரு முருங்கைப் போத்து ஊன்றி, ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். பணத்துக்கும் முருங்கைக்கும் தை வரை ஒரு வேலையும் இல்லை. முருங்கை வளர்ந்தது. பணம் சும்மா இருப்பது மாரிச்செல்வத்துக்கு உறுத்தியது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு செல்லில் தன் கம்பெனியின் பெயரையே தட்டிப் பார்த்தார். பூங்கொம்பு குளோபல், சிறு நிறுவனங்களுக்கான பிரிவில் இரண்டு வருடம் முன்பு பங்கு வெளியிட்டிருந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. பங்கு விலை அறுபத்தொன்று. விலையை லாபத்தால் வகுத்தார்: ஏழு. லாபத்தில் முக்கால் பங்கு, கம்பெனி தன் குன்னத்தூர் நிலத்தை விற்ற பணம். அது கீழே பொடி எழுத்தில் இருந்தது, கவின் பொடி எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடன்: நாற்பது சதவீதம். கரன்ட் ரேஷியோ: இரண்டு புள்ளி ஆறு.

அந்த இரண்டு புள்ளி ஆறில்தான் அவர் விழுந்தார். சரக்கு இருப்பு நாலு கோடியே பத்து லட்சம் என்று போட்டிருந்தது. அதில் பாதிக்கு மேல் 'ஏ' குடோனில் இருக்கும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பெட்டி. பெட்டிக்கு அறுபது பனியன், எல்லாம் ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரில் 2020-இல் நடக்க வேண்டிய ஓட்டத்துக்காக அடித்தவை. நெஞ்சில் ஒரு ஆள் ஓடுவான், அவன் காலடியில் வருடம். கொரோனா வந்தது, ஓட்டம் ரத்து, ஆர்டர் ரத்து. அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றும் அந்தப் பெட்டிகளை எண்ணிக் கையெழுத்துப் போடுபவர் மாரிச்செல்வம்தான். ஆடிட்டர் வருவார், இளநீர் குடிப்பார், குடோன் வாசலில் நின்றபடி "அவ்ளோதானுங்களா?" என்பார். இவர் "அவ்வளவுதான் சார்" என்பார். கணக்கில் அந்தப் பனியன்களின் விலை இன்றுவரை ஒரு பைசா குறையவில்லை. எலிகளுக்கு மட்டும் அது தெரியாது.

ஆனால் தான் சொன்னதே செல்லில் இறக்கிய ஆண்டறிக்கையில், இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையுமாகத் திரும்பி வந்தபோது, மாரிச்செல்வம் அதை அடையாளம் தெரியாத பெரிய மனிதரின் வாக்குப்போல மதித்தார். அச்சில் வந்துவிட்டதே. மறுநாள் காலை ஆறாயிரம் பங்கு வாங்கினார். மூன்று லட்சத்து அறுபத்தாறாயிரம்.

நான்கு நாள் விலை ஏறியது. அந்த நான்கு நாளும் அவர் கேன்டீனில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். வீணாவது தன் கம்பெனியின் சோறல்லவா. இரவு ஷிப்ட் நின்றுபோனதைச் செலவுக் கட்டுப்பாடு என்று புரிந்துகொண்டார். சனிக்கிழமைச் சம்பளம் செவ்வாய்க்குத் தள்ளிப்போனது.

"கம்பெனி படுத்துருச்சுண்டு பேசிக்கிறாய்ங்க" என்றாள் ஜோதிகா.

"பணத்தை லேட்டாக் குடுக்குறதுதேன் நல்ல நிர்வாகம். ஒனக்கு அது வெளங்காது" என்றார்.

கொடுக்கப்படாத பணம் அவர்களுடையது என்பதை இருவரில் ஒருவர் கவனித்திருந்தார்.

ஆவணியில் அமெரிக்கா வரி போட்டது. ஊரில் பாதி மிஷின்கள் நின்றன. பங்கு தினமும் ஐந்து சதவீதம் இறங்கியது. அதற்குமேல் ஒரு நாளில் இறங்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால்தான் ஐந்தோடு நின்றது. மாரிச்செல்வம் தினமும் ஒன்பதேகாலுக்கு, பேக்கிங் டேபிளுக்குக் கீழே செல்லைப் பிடித்துக்கொண்டு விற்கப் போட்டார். வாங்க ஆளில்லை. நாற்பது, முப்பது, இருபத்திரண்டு. கவினைக் கூப்பிட்டார். கவின் நாமக்கல்லில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். லாங் டெர்ம் பாருங்க என்று வாட்ஸ்அப்பில் ஒரு சிங்கத்தின் படத்தோடு பதில் வந்தது.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு முதலாளி அர்த்தநாரி எல்லோரையும் கட்டிங் ஹாலில் கூட்டிப் பேசினார். நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் கஷ்டம் வரும் போகும், போனஸ் இந்த வருடம் பொருளாக. ஆளுக்கு இருபத்துநாலு பனியன். அந்த வகையில் 'ஏ' குடோனிலிருந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சரக்கு வெளியே போனது. கூட்டம் கலைந்தபின் மாரிச்செல்வம் கேபின் கதவைத் தட்டினார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது.

"சார், நானும் ஒரு ஷேர்ஹோல்டர் சார்."

அர்த்தநாரி முதலில் புரியாமல் பார்த்தார். எத்தனை என்று கேட்டார். சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சத்தம் போடவில்லை, அவர் யாரையும் ஒருமையில் பேசியதில்லை, இன்றைக்கும் பேசவில்லை.

"ஏனுங்க மாரிச்செல்வம். வெளியூருக்காரன் வாங்குனான், ஏமாந்தான், செரி. அந்தக் குடோன்ல என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் சார்."

"எண்ணுனது நீங்கதானுங்க?"

"நாந்தான் சார்."

"அப்பறம் எதைய நம்பி வாங்குனீங்க?"

அந்த இரண்டு புள்ளி ஆறு மாரிச்செல்வத்தின் வாய் வரை வந்தது. அர்த்தநாரியின் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. தன் பங்கு ஒன்றையும் தானே வாங்காத மனிதர், வாங்கிய ஒருவரை முதன்முதலாக நேரில் பார்க்கும் சங்கடம்.

கேபினில் பேசியது கணக்குப்பிள்ளை வழியாக டீ டைமுக்குள் ஹால் முழுக்கப் பரவியது. செக்கிங் டேபிளில் ஆஷா எழுந்து நின்று, "ஓனரம்மா, உக்காருங்க, நாங்க செக் பண்ணிக்கறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜோதிகாவும் சிரித்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னபின் யாரும் சிரிக்கவில்லை.

அன்று வீட்டில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"முழுசுமா?"

"பதினாலாயிரம் இருக்கு."

அவள் அதற்குப்பின் பனியன் மூட்டையை அவிழ்த்து, பழக்க தோஷத்தில், ஒவ்வொன்றாகப் புரட்டித் தையல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். இருவருக்கும் சேர்த்து நாற்பத்தெட்டும் சரியாக இருந்தன.

கார்த்திகையில் கம்பெனி பூட்டியது. பங்கு வியாபாரத்தை நிறுத்திவைத்தார்கள். கடைசி விலை பதினொன்று. அந்த விலையை லாபத்தால் வகுத்துப் பார்த்தால் இப்போது ஒன்றுக்கு மேல் கொஞ்சம், கவினின் கணக்குப்படி இவ்வளவு மலிவான பங்கு இந்தியாவில் இல்லை.

தை பிறந்து இரண்டாவது வாரம் இருவரும் அவிநாசிபாளையம் போனார்கள். அவகாசம் கேட்கலாம் என்பது மாரிச்செல்வத்தின் எண்ணம். எதற்கு அவகாசம் என்று ஜோதிகா கேட்கவில்லை. நல்ல சட்டைகள் அழுக்கில் கிடந்ததால் அவர் ஓட்டப் பனியனைப் போட்டிருந்தார். மருதாள் மோர் கொடுத்தார். மச்சாண்டார் மகன், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன் பையன், அந்த மனையைப் பொழுதுக்கும் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், கெடு வரைக்கும் தான் பொறுத்ததாகவும், திங்கட்கிழமை அவனுக்குப் பத்திரம் முடிந்துவிட்டதாகவும், அட்வான்ஸ் விஷயம் தாளில் எழுதியிருப்பதுதானே என்றும், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ங்க' சேர்த்துச் சொன்னார். பிறகு பேச்சு தீர்ந்துபோனதால் பனியனைப் பார்த்தார்.

"ஓடறாப்புல படம் போட்டிருக்குதுங்க. பந்தயத்துல ஜெயிச்சதுக்குக் குடுத்ததுங்களா?"

மாரிச்செல்வம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். ஓடுகிறவன் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தான்.

"இல்லக்கா" என்றாள் ஜோதிகா. "அந்த ஓட்டம் நடக்கவே இல்ல."

புறப்படும்போது மருதாள் அவர்களை நிற்கச் சொல்லிவிட்டு மனைப் பக்கம் போனார். முருங்கை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, அந்த மூலையிலிருந்து பக்கத்து மனைக்குச் சாய்ந்திருந்தது. புதுக்காரன் நாளைக்கு வெட்டப்போகிறானாம், நீங்க வெச்சது, நீங்களே கொண்டுபோங்க என்று ஒரு கட்டுக் கீரை ஒடித்துக் கொடுத்தார். ஜோதிகா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். திருப்பூர் வரும் வரை இரண்டு கையாலும் பிடித்தே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஆய்ந்து பார்த்தபோது கீரை முற்றியிருந்தது.