அறுத்துக் குட்டையாக்கிய துப்பாக்கி

புவெனோஸ் அயர்ஸுக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவேயில்லை. அவன் விட்டுப்போனதில் உருப்படியானது, மண்ணுக்கடியில் கிடக்கும் உலோகத்தைக் கண்டால் கூவுகிற அந்தக் கருவி ஒன்றுதான். பிளாசிதா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் போவாள். தொலைந்த கல்யாண மோதிரம், மண் மூடிய தண்ணீர்க் குழாய், எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் கூப்பிட்டது புதையலுக்கு. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய போரில் ஊரைவிட்டு ஓடிய குடும்பங்கள் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனதை பராகுவேயில் நம்பாத ஆள் கிடையாது.

தோன் எமெரித்தோவும் நம்பினார். ஒரு காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருடைய மாட்டுப்பண்ணை அந்தப் போரின் சண்டை ஒன்று நடந்த அகோஸ்தா ஞூ வெளியை ஒட்டிப் பரந்து கிடந்தது. பண்ணை மாமரத்தடியில் நீல வெளிச்சம் எரிந்ததை மாடு மேய்க்கிறவன் பார்த்துவிட்டான். புதையல் இருக்கும் இடத்தில்தானே நீல வெளிச்சம் எரியும்? மறுநாளே பிளாசிதாவுக்கு ஆள் வந்தது. வந்தவன் வேறு யாருமில்லை, அவள் தம்பி கிரிஸ்பீன். அந்தப் பண்ணையில் மண்வாரி இயந்திரம் ஓட்டுகிறவன்.

கருவி முதலில் ஈயக்குண்டுகளைக் காட்டியது. பிறகு ஓர் ஈட்டி முனை. முழங்கால் ஆழத்தில் துருவேறிய துப்பாக்கிக் குழல் ஒன்று வந்தது. பிளாசிதா அதன் மண்ணைக் கையால் வழித்தாள். குழலின் பாதியை யாரோ அரத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

"இது எதுக்குடா இவ்ளோ குட்டையா இருக்கு?" என்றாள்.

"ஒடஞ்சிருக்கும்" என்றான் கிரிஸ்பீன்.

"ஒடைஞ்சா இப்படியா இருக்கும்? பாரு, அறுத்திருக்காங்க."

பக்கத்திலேயே ஒரு இடுப்புவார்க் கொக்கி கிடந்தது. பித்தளைப் பொத்தான்கள், நாலு நாலு விரல் இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாக. அவள் கையிலிருந்த மண்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலால் கிளறினாள். விலா எலும்புகள் கோழிக்குஞ்சுடையதைப் போல மெலிந்திருந்தன. தாடை எலும்பு அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது. அதில் ஒரு கடைவாய்ப்பல் இன்னும் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே குந்தியிருந்தது.

ஆண்கள் செத்துத் தீர்ந்த பிறகு, பிள்ளைகளுக்கு ஒட்டுத்தாடி வைத்து, கைக்கு அடங்கும்படி துப்பாக்கியை அறுத்துக் கொடுத்துச் சண்டைக்கு நிறுத்திய கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான் பிளாசிதா. கதையில் வந்த பிள்ளைகளுக்குப் பல் இருந்ததில்லை. இவனுக்கு இருந்தது.

தோன் எமெரித்தோ மாட்டுக்கொம்புக் குவளையில் தெரெரே என்கிற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சியபடி குழிக்கு மேலே வந்து நின்றார். எலும்பைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நான் சொன்னேன்ல! புதையலுக்குக் காவலா ஒருத்தனக் கொன்னு மேல போட்டுத்தான் மூடுவாங்க. தங்கம் இதுக்குக் கீழதான் இருக்கு."

"இது காவலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல, தோன் எமெரித்தோ. சண்டையில செத்த சின்னப் பையன். பாதிரியாரக் கூப்பிடணும்."

"கூப்பிடலாம், கூப்பிடலாம். மொதல்ல தங்கத்த எடுத்துக்குவோம். கிரிஸ்பீன், மண்வாரிய எடுத்துட்டு வா."

பிளாசிதா குழிக்குள் காலை அகட்டி நின்றாள். "என்மேல ஏத்திட்டு அப்புறம் தோண்டச் சொல்லுங்க."

இரண்டு ஆட்கள் இறங்கி, கக்கத்தில் கைகொடுத்து அவளைத் தூக்கி வெளியே போட்டார்கள். கருவியை அவள் பின்னாலேயே எறிந்தார்கள். கிரிஸ்பீன் மண்வாரியில் ஏறி உட்கார்ந்திருந்தான். அக்கா பக்கம் திரும்பவில்லை.

"டேய், எறங்குடா!" என்று கத்தினாள். "உன் மகன் வயசுடா அவனுக்கு!"

இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. தண்ணீர் ஊறும்வரை தோண்டினார்கள். தங்கம் ஒரு குன்றிமணி கூடக் கிடைக்கவில்லை. அள்ளிய மண்ணை, மாடுகள் மிதித்துச் சேறாக்கியிருந்த தண்ணீர்த் தொட்டியடியில் கொட்டி மேடாக்கினார்கள். எலும்பும் அதோடு போயிற்று.

அன்று மாலை தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நான் என்னக்கா பண்றது? மொதலாளி சொன்னா செய்யணும். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான்டா."

அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பினாள்.

ஆகஸ்ட் பதினாறு, குழந்தைகள் தினம் வந்தது. அகோஸ்தா ஞூவில் செத்த பிள்ளைகளின் நினைவு நாளும் அதுதான். தோன் எமெரித்தோ பண்ணை வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூடான சாக்லேட்டும் கேக்கும் கொடுத்தார். தலைநகரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் சிவப்பு வெல்வெட் துணியில், எண்ணெய் போட்டுத் துடைத்த அந்தக் குட்டைத் துப்பாக்கி.

"இந்த மண்ணில் ரத்தம் சிந்திய மழலை வீரனின் ஆயுதம் இது" என்று ஒலிபெருக்கியில் குரல் தழுதழுக்கச் சொன்னார் அவர். ஒரு விருந்தாளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிப்பா ரொட்டி விற்க வந்தவளைப் போலக் கூடையோடு உள்ளே நுழைந்திருந்த பிளாசிதாவுக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. கூடையைத் தரையில் வைத்தாள்.

"துப்பாக்கி இங்க இருக்கு. அதப் புடிச்சிருந்த பையன் எங்க?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தோன் எமெரித்தோ சிரித்தார். "நம் மண்ணிலேயே அமைதியாக உறங்குகிறான், பிளாசிதா."

"எந்த மண்ணுல? உங்க மாட்டுத்தொட்டிக்கு அடியிலயா? உங்க மாடுங்க அவன் தலமேல சாணி போடுதே, அதான் அமைதியா? கிரிஸ்பீன்! நீதான கொண்டுபோய்க் கொட்டுன? சொல்லுடா!"

கேக் தட்டோடு நின்றிருந்த கிரிஸ்பீன் முதலாளியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நான் எதையும் பாக்கலக்கா."

அவள் அவனை அறையவில்லை. நேரே தன் மோட்டார் சைக்கிளுக்குப் போய்க் கருவியையும் மண்வெட்டியையும் அவிழ்த்துக்கொண்டு, தொட்டியை நோக்கி நடந்தாள். மாடுகளைக் கத்தி விரட்டினாள். மண்ணோடு சேர்ந்து வந்த பொத்தான்கள் எங்கேயாவது கூவும் என்று சேற்றின்மேல் கருவியை வீசினாள். கூவிய இடத்தில் வெட்டினாள். பண்ணை மேஸ்திரி ஓடி வந்தபோது மண்வெட்டியை ஓங்கினாள். "கிட்ட வந்தா உன்னையும் இங்கயே பொதச்சிருவேன்!"

விருந்தாளிகள் எல்லாரும் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். கைபேசிகளில் படம் எடுத்தார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் அவளை இழுத்துப்போட முடியாது என்று தோன் எமெரித்தோவுக்குப் புரிந்தது.

"தோண்டட்டும், விடுங்க" என்றார் உரக்க. "நான்தான் ஏற்பாடு செய்தேன். எலும்பை மரியாதையோடு அடக்கம் செய்யப் போகிறோம்."

கைதட்டினார்கள். சேற்றுக்குள் மண்டியிட்டிருந்த பிளாசிதா அந்தக் கைதட்டலைக் கேட்டாள். வாயில் வந்த வார்த்தையைப் பள்ளிப் பிள்ளைகள் நின்றதால் விழுங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து கிரிஸ்பீன் ஒரு மண்வெட்டியோடு வந்தான். அவள் ஒரு சேற்றுக்கட்டியை எடுத்து அவன் நெஞ்சில் எறிந்தாள். இன்னொன்று. அவன் துடைத்துக்கொள்ளாமல் குனிந்து வெட்டத் தொடங்கினான். பொழுது சாய்வதற்குள் தாடையும், சில விலா எலும்புகளும், ஒரு கால் எலும்பும் கிடைத்தன. மீதியை மாடுகள் மிதித்து நொறுக்கியிருந்தன. அவள் அவற்றை மாவுச்சாக்கில் சுற்றிப் பாதிரியாரிடம் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் நடந்தது. தோன் எமெரித்தோ வரவில்லை. ஆளுயர மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதன் நாடாவில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, பையனுக்குத்தான் பெயரில்லையே. பிளாசிதா வளையத்தைத் தூக்கிக் கல்லறைச் சுவருக்கு வெளியே எறிந்தாள்.

"அக்கா, ஊரே பாக்குது" என்றான் கிரிஸ்பீன். பண்ணை வேலை அவனுக்கு முன்தினமே போய்விட்டிருந்தது.

"நல்லா பாக்கட்டும்."

"வீட்டுக்கு வாக்கா. எம் பொண்டாட்டி மரவள்ளி வேக வச்சிருக்கா."

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

துப்பாக்கி இன்னும் அந்தக் கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது. அது பையனோடு மண்ணுக்குள் போக வேண்டியது என்று கேட்டு பிளாசிதா பண்ணை வாசலில் போய் நிற்கிறாள். நாய்களை அவிழ்த்துவிடச் சொல்லியிருக்கிறார் தோன் எமெரித்தோ. இப்போதெல்லாம் கையில் ஒரு தடியோடுதான் போகிறாள்.