தலைமாட்டில் நிற்பதுதான் அம்மா

அந்த நீல அங்கியை யாரும் தனியாகப் போட்டுக்கொள்ள முடியாது. முன்பக்கமாகக் கையை நுழைத்துக்கொண்டு திரும்பி நின்றால், முதுகில் நாடாவை இன்னொருவர் கட்டிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாள் சிஸ்டர் எனக்குக் கட்டிவிட்டபோது, வெளியிலிருந்து கிருமியைக் கொண்டுபோய்க் குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் இந்த வேஷம் என்று நினைத்தேன். குழந்தையிடமிருந்து உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக என்று அவள் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளுக்கு மகளிடமிருந்து என்ன பாதுகாப்பு வேண்டிக்கிடக்கிறது என்று கேட்டேவிட்டேன். அவள் முடிச்சை இறுக்கினாள்.

மகளுக்கு நாலு வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால்தான் எந்த மருந்து என்று தெரியும் என்றார் டாக்டர். காலையில் அவள் உதைத்த உதையில் ஊசி நழுவிவிட்டது. மயக்க மருந்து கொடுக்கலாம் என்றால், இப்போது இருக்கிற மூச்சு அதைத் தாங்காது. இன்னும் ஒரு தடவை முயன்று பார்ப்போம், அசையாமல் கிடந்தால் பிழைத்தோம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அவள் உதைத்தது ஊசிக்குப் பயந்து இல்லை, அங்கிக்குப் பயந்து. தலைக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு முகமூடி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை நீலம். உள்ளே போகிறவர்களில் டாக்டர் யார், தரை துடைக்கிறவர் யார் என்று எனக்கே தெரியாது. குரலும் முகமூடிக்குள் அமுங்கிப்போகும். அவளுக்கு எல்லாருமே பூச்சாண்டிகள்.

அதனால் அறைக்கு வெளியே, கண்ணாடிச் சுவரில் மாட்டியிருந்த மைக்கில் அவளோடு பேசினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். கரப்பான் பூச்சியைக் கண்டாலே கட்டில்மேல் ஏறிவிடுகிற மனுஷன். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்றதும், என்னை முன்னால் தள்ளாத குறை.

"வாலு, இப்ப அம்மாவும் நீலச் சட்டை போட்டுக்கிட்டு உள்ள வருவேன். எல்லாரும் ஒரே மாதிரி இருப்போம். உன் தலைமாட்டுல யார் நிக்கிறாங்களோ, அதுதான் அம்மா. அம்மா பிடிச்சுக்கிட்டா ஆடக் கூடாது, என்ன?"

தலையாட்டினாள்.

உள்ளே போனதும் டாக்டர் என்னைக் கால்மாட்டுக்குப் போகச் சொன்னார். தலையையும் முழங்காலையும் சேர்த்து உடம்பை வளைத்துப் பிடிப்பது பழகிய கை செய்ய வேண்டிய வேலையாம். நான் குழந்தையிடம் வேறு மாதிரி சொல்லிவிட்டேனே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைமாட்டிலிருந்த சிஸ்டர் குனிந்து அவளை அணைத்துவிட்டாள். வாலு அந்த நீல மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "அம்மா" என்றாள். விறைத்திருந்த உடம்பு அப்படியே தளர்ந்தது.

சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை பேசினால் போதும், குழந்தை திமிறிவிடுவாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஊசி இறங்கியது. கால் துடித்தது. இரண்டு கணுக்காலையும் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். கையுறைக்குள் விரலெல்லாம் வேர்த்து வழுக்கியது. பிடி விட்டுவிடுமோ, ஊசி ஒடிந்துவிடுமோ, என் கையாலேயே என் பிள்ளையை முடித்துவிடுவேனோ என்று பயந்து செத்தேன்.

"அம்மா, கால் வலிக்குது. அவளைப் போகச் சொல்லும்மா. அவ கெட்டவ."

"போயிடுவாடா கண்ணு, இதோ போயிடுவா" என்றாள் சிஸ்டர்.

அவள் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அவள் காலில் விழலாம் போலவும் இருந்தது. வாலு ஒரு முறைகூடத் திமிறவில்லை. அழுதுகொண்டே சிஸ்டரின் அங்கியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். நீர் சொட்டுச் சொட்டாகக் குப்பியில் இறங்குகிற வரை நான் காலை விடவில்லை.

குப்பியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, நல்லபடியாக எடுத்தாயிற்று, இனிச் சரியான மருந்தைத் தேடிக் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். வெளியே வந்து அங்கியைக் கழற்றிச் சுருட்டித் தொட்டியில் போட்டேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். என் வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. சிஸ்டர் இன்னொரு அங்கியைக் கொண்டுவந்து கொடுத்து, இப்போதைக்குப் போட்டிருக்கிற மருந்து ஏறி முடிகிற வரை நீங்களே உள்ளே உட்கார்ந்திருங்கள் என்றாள்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே, மைக்கின் முன்னால் என் முகத்தைப் பார்த்ததும் வாலுவுக்கு அழுகை பீறிட்டது.

"அம்மா, காலைப் பிடிச்சவளை அடிச்சியா?"

"அடிச்சுட்டேன்."

"திரும்ப வருவாளா?"

"வரவே மாட்டா" என்றேன், கையிலிருந்த அங்கியை அவள் கண்ணில் படாமல் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு.