தாழ்ப்பாள் எண் நாற்பத்தொன்று: ஒரு பக்கத்துக்கு மிகாமல்

1.

இந்தக் கதை உள்ளத்திலிருந்து ஊற்றெடுத்து வந்ததல்ல. ஒரு கடிதத்திலிருந்து வந்தது. நான் குடியிருக்கும் இந்த வெளிநாட்டு ஊரின் அருங்காட்சியகம் எனக்கு எழுதிய கடிதம்.

'தாழ்ப்பாள் கூடத்தில், எண் நாற்பத்தொன்றை நீங்கள் பதினோரு வாரமாகத் தினமும் மூன்று மணி நேரம் பார்க்கிறீர்கள் என்று கூரையில் உள்ள எங்கள் கருவி சொல்கிறது. இங்கே எந்தப் பொருளையும் யாரும் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. உங்களுக்கும் அதற்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தாருங்கள். எந்த மொழியிலும் எழுதலாம்.'

உறவு ஒன்றுமில்லை. அதற்கு எதிரே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து தூங்குவேன்.

பார்சல் கிடங்கில் இரண்டு வருடம் நைட் ஷிப்ட். ஒருநாள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேலையை நான் விட்டுவிட்டேன். உடம்பு இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. பகல் பதினொன்றானால் கண் சொருகுகிறது. மனைவியிடம் பகல் ஷிப்ட்டுக்கு மாறிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு வகையில் உண்மை.

2.

காபிக் கடையில் உட்கார்ந்து தொடங்கினேன். காலை ஒன்பது முதல் பதினொன்று வரை நான் இருக்கும் இடம் அதுதான். சுற்றிலும் எல்லோரும் லேப்டாப்பில் நாவல் எழுதுவது போல முகத்தை வைத்திருந்தார்கள். பக்கத்து மேசையை எட்டிப் பார்த்தேன். வேலைக்கு விண்ணப்பம். அந்தக் கடையில் அன்று எழுதப்பட்ட நல்ல புனைவு அதுதான்.

"சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. என் கோப்பையில் காபி—"

(அன்று நல்ல வெயில். வெளிநாட்டில் தமிழில் எழுத உட்கார்ந்தால் மட்டும் எங்கிருந்தோ மழை வந்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.)

"புலம்பெயர்ந்தவனுக்கு எல்லாக் கதவுகளும்—"

(இதை எழுதிய கை என்னுடையதுதானா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.)

"தாழ்ப்பாள் என்பது மனித மனத்தின்—"

(போதும்.)

3.

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் வர வேண்டும். நான் இட்டுக்கட்டியதாக நீங்கள் சந்தேகப்படுவீர்கள். இவ்வளவு வசதியாக ஒரு பாத்திரம் கிடைத்தால் நானும் சந்தேகப்படுவேன். தாழ்ப்பாள் கூடத்தின் காவலர் ஒரு தமிழ்க்காரி. ஆறு வருடமாக அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். கடிதத்தை என் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

"தம்பி, நல்லா உருக்கமா எழுதுப்பா."

"அக்கா, நான் தூங்கிட்டு இருந்தேன்."

"அது எனக்குத் தெரியாதா? உன் குறட்டைக்குப் பயந்து போன மாசம் ஒரு குடும்பமே வெளிய ஓடிருச்சு."

"அப்புறம் என்னத்தை எழுதுறது?"

"யாரும் பாக்காத கூடம்னு இதை மூடிட்டு காபிக் கடை வைக்கப் போறாங்கடா. நீ ஒருத்தன்தான் பாக்குற மாதிரி அந்த மெஷின்ல காட்டுது."

"கடை வந்தா உங்களுக்கு அங்கயே வேலை தர மாட்டாங்களா?"

"அங்க நாள் முழுக்க நிக்கணும். எனக்கு அம்பத்தி நாலு வயசு, முட்டி ரெண்டும் போச்சு. இந்த ஊர்ல உக்காந்து பாக்குற வேலைன்னு எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான்."

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். கூடத்தில் யாராவது தூங்கினால் காவலர் எழுப்ப வேண்டும். எழுப்பாவிட்டால் சீட்டு கிழியும். அக்கா தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார். பார்க்காதவனை எப்படி எழுப்புவது?

4.

இயக்குநர் அம்மையாரே ஒருநாள் என்னைப் பார்க்க வந்தார். அப்போதுதான் விழித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இதில் எதைக் காண்கிறீர்கள் என்று அவர் மொழியில் கேட்டார். தெரிந்த நாலு வார்த்தையில் உண்மையையே சொன்னேன்.

"இங்கே வந்தால் என் கண் தானாக மூடிக்கொள்கிறது."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நிர்வாகக் குழு கூடும்போது நான் எழுதும் பக்கத்தை வாசிப்பதாகவும், அதைக் கேட்ட பிறகுதான் கூடத்தைப் பற்றி முடிவெடுப்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல், முதல்முறையாக எண் நாற்பத்தொன்றைக் கண் திறந்து பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு. நாலு நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. கீழே இருந்த குறிப்பை வாசித்தேன். அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

'தாழ்ப்பாளாக இருக்கலாம்.'

"அடப்பாவிகளா," என்றார் அக்கா. "ஆறு வருஷமா இதுக்கா காவல் இருந்தேன்?"

5.

முடிவுகள்.

அ) பொய் எழுதுகிறேன். கூடம் தப்புகிறது. கூட்டம் வருகிறது. எனக்குத் தூங்க இடமில்லை.

ஆ) உண்மை எழுதுகிறேன். அக்காவின் வேலை போகிறது. எழுத்தாளனின் நேர்மை என்று யாராவது என்னைப் பற்றி இரண்டு வரி எழுதுவார்கள். அக்காவின் முட்டியைப் பற்றி எழுத மாட்டார்கள்.

இ) எழுதாமல் விடுகிறேன். காபிக் கடை வருகிறது. நான் அங்கே போய் உட்கார்ந்து, சன்னலுக்கு வெளியே மழை—

கெடு முடிந்தபோது என் கையில் இருந்தது நீங்கள் இதுவரை படித்த நாலு தாள் மட்டும். அக்காவிடம் கொடுத்தேன். தமிழில் இருப்பதால் குழு முன்னால் அவரைத்தான் மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா நின்றபடியே நாலையும் படித்தார்.

"உன் சோம்பேறித்தனத்துக்கு என்னை எழுத்தாளர் ஆக்குறியாடா?"

"உங்க இஷ்டம் அக்கா."

"என் இஷ்டமாம்! தலையெழுத்து."

6.

[கெடு முடிந்ததற்குப் பின் வரும் எதுவும் கொடுத்த பிரதியில் கிடையாது.]

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. குழுவின் முன்னால் அக்கா பத்து நிமிடம் வாசித்தார். நாலு தாளில் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் கைக்குட்டையைத் தேடினார்.

"என்னக்கா படிச்சீங்க?"

"நீ எழுதினதைத்தான்."

"ஒரு தாளைக்கூடத் திருப்பலையே?"

"வேவு பாத்தியா? முதல் பக்கத்துலயே எல்லாம் இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க அம்மா போன அன்னிக்கு, நீ கதவுக்கு வெளிய நின்ன. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. யாராவது கேட்டா ஞாபகம் வெச்சுக்கோ."

"எங்க அம்மா ஊர்ல நல்லா இருக்காங்க அக்கா."

"நூறு வருஷம் இருக்கட்டும். இந்தக் கட்டடத்துக்குள்ள மட்டும் இல்ல."

குழுவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதுதான் இப்போது சிக்கல். தமிழ் மூலத்தையும் அக்கா சொன்ன மொழிபெயர்ப்பையும் சேர்த்துச் சுவரில் அச்சடிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், தமிழ் படிக்கத் தெரிந்த வேறொருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆள் யாராவது தெரியுமா என்று என்னையே கேட்டார்கள். என் மனைவிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவள் பெயரைக் கொடுக்கவில்லை.

உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

உறை வரும். உள்ளே என்னுடைய நாலு தாளும், அக்கா வாசித்ததை அவர்கள் எழுதிவைத்த ஒரு பக்கமும் இருக்கும். கடைசியில் இரண்டு கட்டம்: 'ஒத்துப்போகிறது', 'ஒத்துப்போகவில்லை'. கூடத்தைப் பற்றிய முடிவை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போடப் போறவரு எப்படிப்பட்ட ஆளு தம்பி?" என்று இன்று காலை அக்கா கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.