கட்டிலில் படுத்த இரும்பு ஆள்

பூலாம்பாடியில் ஜன்னல் கம்பி, கேட் என்றால் அண்ணாதுரையைத்தான் தேடுவார்கள். ஒரு தகரக் கூரையிலிருந்து விழுந்து அவன் இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனபின், வெல்டிங் வேலையை மனைவி சசிகலா கையில் எடுத்தாள். வாசல் கொட்டகையில் கட்டிலில் படுத்தபடியே அவன் சொல்லிக்கொடுத்தான்.

"சத்தத்தக் கேளு. வடை பொரியிற மாதிரி வரணும். இது கொழம்பு கொதிக்கிற மாதிரில்ல இருக்கு!"

நாள் முழுக்கக் கத்தல்தான். அவள் பதில் பேசுவதில்லை. காலையில் அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, சமைத்துவிட்டு, கரண்ட் வந்ததும் வேலையில் உட்காருவாள். சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும்.

மாசி மாதத்து மதியம் ஒன்றில், கேட் முடிந்தும் அவள் எழவில்லை. எழுந்தால் அடுத்த வேலை இருந்தது. காலடியில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினாள். கம்பியில் ஒரு கட்டில். அதன்மேல் ஓர் ஆள்: பேரிங் வயிறு, சைக்கிள் செயின் கைகள், தலைக்கு ஒரு பெரிய நட்டு. நட்டின் ஓட்டை ஆவென்று திறந்த வாயாக இருந்தது. கால்கள் இரண்டும் வளையாத மெல்லிய கம்பிகள்.

"என்னாது அது? காட்டு."

மறைக்க நேரமில்லை. சூடு ஆறாததைக் குறட்டில் பிடித்து நீட்டினாள். அவன் அந்தக் கம்பிக் கால்களையே பார்த்தான்.

"நானா?"

"கைக்கு வந்ததப் பண்ணிட்டேங்க. ஒடச்சுப் போட்டுடறேன்."

அவன் பார்வை நட்டுத் தலைக்கு ஏறியது.

"வாயி இவ்ளோ பெருசாவாடி?"

"இன்னும் பெருசு. அந்த சைசு நட்டு கெடைக்கல."

அவன் சிரித்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் கேட்காத சிரிப்பு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது பாதியில் அழுகையானது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். அவள் ஆறுதல் சொல்லவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பக்கத்துல ஒன்னையும் செஞ்சு வையி," என்றான் துண்டை எடுக்காமல்.

"வைக்கிறேன். எனக்கும் ஒரு கட்டில் போட்டு."

அவன் துண்டை விலக்கி அவளைப் பார்த்தான். "செத்த நேரம் படு. சோறு அப்பறம் திங்கலாம்."

அங்கேயே சாக்கை விரித்துப் படுத்தாள்.

செய்யச் சொல்லியிருந்த கேட்டை வாங்க வந்த பழனிவேல் வாசலில் நின்று கூப்பிட்டபோது, அண்ணாதுரை குரலைத் தாழ்த்தி, "சாயங்காலமா வாங்கண்ணே, தூங்குறா," என்றான்.