நான்கு விரல் உயரத்தில் ஒரு கார்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் பட்டறையின் லிஃப்ட் முழுதாகக் கீழே இறங்கியது. அதன் மேலிருந்த பல் டாக்டரின் பழைய கார் இறங்கவில்லை. நான்கு சக்கரங்களும் தரைக்கு நான்கு விரல் மேலே நின்றன. மெக்கானிக் ஒரு துடைப்பத்தை அடியில் விட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் நுழைந்த துடைப்பம் அந்தப் பக்கம் வெளியே வந்தது. பானெட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். அவர் கனமான ஆள்தான், ஆனாலும் வண்டி இம்மியும் இறங்கவில்லை. வாசல் வழியாகக் காற்று வந்தபோது மட்டும் மெல்ல நகர்ந்து சுவரைத் தொட்டது. பெயின்ட் கெட்டுவிடுமே என்று அதைக் கயிறு போட்டுத் தூணில் கட்டினார்.

காரணம் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய அந்தக் காரின் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்ம்களைக் கழற்றி, துரு எடுத்து, பெயின்ட் பவுடரைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பியிருந்தார். கோட்டிங் அடுப்பு வைத்திருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. ஆர்ம் நுனியில் புஷ் என்ற ரப்பர் வளையம் உட்காரும் துளைக்குள் பவுடர் படிந்தால் புஷ் நுழையாது என்பதால், ஒவ்வொரு துளையையும் மூடி போட்டு அடைத்துத்தான் அவன் அடுப்பில் ஏற்றுவான். ஆர்ம்கள் கன்னங்கரேலென்று பளபளத்து வந்தன. துளைக்குள் ஒரு பொட்டுப் பவுடர் இல்லை. மெக்கானிக் புது ரப்பர் புஷ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, பிரஸ்ஸில் வைத்து ஒவ்வொன்றாக இறக்கினார். ஒரு கீறல் விழவில்லை. அதுவரை எல்லாம் சரி. ஆனால் ரப்பர் புஷ் எந்த நிலையில் இறுக்கப்படுகிறதோ, அதையே தன் இடமென்று எடுத்துக்கொள்ளும். சக்கரம் தரையில் உட்கார்ந்து, வண்டியின் கனம் முழுக்க இறங்கிய பிறகுதான் போல்ட்டுக்குக் கடைசிச் சுற்றுக் கொடுக்க வேண்டும். "தரையில வெச்சு முறுக்குங்கய்யா" என்று சக மெக்கானிக்குகளிடம் தொண்டை கிழியக் கத்தி, தரை மேஸ்திரி என்றே பெயர் வாங்கியவர் அவர். அன்று வண்டிக்கு அடியில் ஊர்ந்து போகத் தொப்பை இடம் கொடுக்கவில்லை. லிஃப்டில் தொங்கும்போதே, வசதியாக நின்றுகொண்டு எட்டு போல்ட்டையும் இறுக்கிவிட்டார். புஷ்கள் காற்றைத் தங்கள் இடமென்று எடுத்துக்கொண்டன.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்தார். மெக்கானிக் வாயைத் திறந்தபோது உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். "பவுடர் கோளாறு டாக்டர். மச்சான் எதையோ கலந்துட்டான் போல" என்றுதான் வந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மைத்துனனிடம் கோட்டிங்குக்கு இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் கொடுத்திருந்தவர்கள் வந்து திரும்ப எடுத்துப் போனார்கள். மிதக்கிற கேட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார்கள், அதுவும் நியாயம்தான். நான்கே மாதத்தில் மைத்துனன் அடுப்பை அணைத்தான். சூட்டில் நின்று பழகிய உடம்பு என்பதால் ஒரு பேக்கரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் காரை ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டு போய்த் தன் கிளினிக் வாசலில் கட்டினார். போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து, எந்தச் சட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். பின் சீட்டில் சாய்ந்தால் நோயாளிகளுக்குப் பயம் விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்த டாக்டர், அதன் பிறகு அங்கேயே வைத்துப் பல் பிடுங்கினார். இரண்டாவது வருஷத்தில் யாரும் நின்று பார்ப்பதுகூட இல்லை. மெக்கானிக் மட்டும் அந்தத் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வாரம் தவறாமல் மைத்துனன் அக்கா வீட்டுக்கு ரொட்டி கொண்டுவந்தான். முகத்தில் வருத்தமே இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த ரொட்டியை அவர் தொடவில்லை. தன்னை நினைத்தாலே கூசியது.

மூன்றாவது வருஷம் ஒரு மத்தியானம், ரொட்டி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க மைத்துனன் வீட்டுக்குப் போனார். மேசை முழுக்க வரிசையாகக் கறுப்புக் கரண்டிகள். ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதிய துண்டுக் காகிதம்.

"என்ன மாப்ள, இத்தனை கரண்டி?"

"சின்னதா ஒரு அடுப்பு கட்டிப் பாக்கறேன் மாமா. அன்னைக்கு என்னத்தைக் கலந்தேன்னு ஞாபகமே வரல. ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்திக் கலக்கறேன். ஒண்ணுகூட எழும்ப மாட்டேங்குது."

எண்பத்து மூன்று கரண்டிகள். மெக்கானிக் சொன்ன பொய்யை அவனே நம்பியிருக்கிறான். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீ ஒண்ணும் கலக்கல. நான்தான் தூக்கி வெச்சே முறுக்கிட்டேன்."

மைத்துனன் ஒரு கரண்டியை எடுத்துத் துடைத்தான்.

"எட்டு போல்ட்டுமா?"

"எட்டும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னார். டயர் கடைக்காரரிடம் சொன்னார், கேட் கொடுத்திருந்தவர்களின் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னார். கடைசியில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், தொப்பை தரையில் தேய ஊர்ந்து காருக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துவிட்டார். டாக்டர் அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். "இறக்கிட்டா நான் எங்க வெச்சுப் பல்லு புடுங்கறது? இருக்கட்டும் விடுங்க" என்றார். கார் ஏன் மிதக்கிறது என்று கேட்கும் ஒவ்வொரு நோயாளிக்கும், தரையில் வைத்து முறுக்காத கதையை டாக்டர் இப்போது சாவகாசமாகச் சொல்கிறார்.

மைத்துனன் மறுபடி அடுப்பு மூட்டினான். கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் திரும்பி வந்தன. பட்டறையிலிருந்து போகும் ஆர்ம்களையும் பழையபடியே துளை அடைத்துப் போட்டுக் கொடுக்கிறான். மாமா என்றுதான் கூப்பிடுகிறான். ரொட்டி மட்டும் வருவதில்லை. மெக்கானிக்கின் மனைவி தன் தம்பியிடமிருந்து ஒரு கறுப்புக் கரண்டியைக் கேட்டு வாங்கிவந்தாள். தினமும் அதைத்தான் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கரண்டி வைத்த இடத்திலேயே இருக்கும். இரண்டு தெரு தள்ளி, கார் நான்கு விரல் மேலே இருக்கிறது.