கார்பைட் டப்பா

லிஃப்ட் மெக்கானிக், லிஃப்ட் கூண்டுக்குக் கீழே உள்ள குழிக்குள் நின்று, அடியில் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கில் ஒட்டிய பழைய கிரீஸை வழித்துக்கொண்டிருந்தான். வெளியே காலையிலிருந்து மழை. போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, ஸ்டோர் ரூம் பக்கம் போனாலே பூண்டு நாத்தம் குடலைப் புடுங்குது. வீட்ல ஒரு பல் பூண்டு கிடையாது. என்னவா இருக்கும்?"

அவன் வழிப்பதை நிறுத்தினான்.

ஊரில் உள்ளவன் நிலம் சேர்ப்பான், நகை சேர்ப்பான். இவன் சேர்த்தது சுரங்கத் தொழிலாளிகளின் பழைய விளக்குகள். மொத்தம் முப்பத்தொன்று. கம்பிவலை போட்டது, தொப்பியில் மாட்டுவது, யாரோ ஒருவனின் நம்பர் அடித்தது. வேலையிடத்தில் அவனுக்கு லாந்தர் என்றே பெயர். மனைவி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை: கார்பைட் கல் வீட்டுக்குள் வரக்கூடாது.

காய் பழுக்கக் கள்ளத்தனமாகப் போடுவார்களே, அதே கல்தான். பழைய தொப்பி விளக்கில் கீழ் அறையில் கல், மேல் அறையில் தண்ணீர். தண்ணீர் கல் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கினால் பூண்டு நாற்றத்தோடு வாயு கிளம்பும், எரியும். மூடிய அறையில் டப்பாவோடு நனைந்தால், ஸ்விட்ச் போடும்போது தெறிக்கிற பொறி போதும்.

ஒருமுறை விளக்குகளோடு இரண்டு கிலோ டப்பா ஒன்றும் சேர்ந்து வந்தது. "அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன், உன் மேல சத்தியம்" என்றிருந்தான். போடவில்லை. எரியாத விளக்கு வெறும் சொம்பு என்பது அவன் கட்சி. ஸ்டோர் ரூம் மேல்தட்டில், உடைந்த மின்விசிறிக்குப் பின்னால் டப்பா இருந்தது. கொஞ்ச நாளாக விளக்கேற்ற வாய்க்கவில்லை. அவ்வப்போது தூக்கிப் பார்த்து, கனம் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வான். அந்தத் தட்டுக்கு நேர் மேலேதான் கூரை ஒழுகும். போதாக்குறைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் மச்சினன், அக்காவுக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்கப் போவதும் அதே ஸ்டோர் ரூமுக்குத்தான்.

'எலி செத்திருக்கும்' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

"லைட்டைப் போடாத. ஜன்னலைத் திற. அந்த கார்பைட் டப்பா, அதை நான் தூக்கிப் போடல. மேல் தட்டுல இருக்கு. தம்பியைக் கூட்டிட்டு வெளிய போ."

லைன் கட்டாகியிருந்தது. குழிக்குள் சிக்னல் நிற்காது. எந்த வார்த்தையில் அறுந்தது என்று தெரியவில்லை. மேலே ஏறி வந்து மூன்று முறை அடித்தான். எடுக்கவில்லை.

"லாந்தர், பாதியில விட்டுட்டு எங்க ஓடுற?" என்று கூட வேலை செய்பவன் கத்தினான்.

"வீடு வெடிக்கப் போகுது!"

"சம்சாரம் கோவமா?"

"அதுவும்தான்!"

மழையில் பைக்கை விரட்டினான். ஒவ்வொரு திருப்பத்திலும் தன் தெருப் பக்கம் வானத்தைப் பார்த்தான். புகை இல்லை. இல்லை என்பதை நம்பவும் முடியவில்லை. முப்பத்தொரு விளக்குகளையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டுக்கொண்டே போனான். அதற்குப் பதிலாக யார் என்ன தரப்போகிறார்கள் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஊரெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்பவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறினான். மொட்டை மாடிக்குப் போகும் கடைசிப் படியில் மனைவி உட்கார்ந்திருந்தாள், கையில் தம்பியின் சிகரெட் பாக்கெட். பக்கத்தில் தம்பி, திருட்டுப் பூனை முழி. இரண்டு பேரும் முழுசாக இருந்தார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"லைட்டு..."

"போடல. அங்க பாருங்க."

மொட்டை மாடியின் நடுவில் ஒற்றைத் தொப்பி விளக்கு, மழையில் புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஏற்றியபோது உள்ளே தங்கிய கல். ஏற்றிய அன்றே வழித்து எடுத்திருக்க வேண்டும். விளக்கு சேர்ப்பவன் செய்யக்கூடாத முதல் தப்பு.

"டப்பா?" என்றான்.

"எந்த டப்பா? ஜல்லி டப்பாவா?"

"ஜல்லியா?"

"இவன் ஒளிச்சு வச்ச சிகரெட்டைத் தேடப் போனேன். உங்க டப்பா கிடைச்சுது. கல்லை, கேஸுக்கு ஆகும்னு வெல்டிங் கடையில குடுத்துட்டு, கனம் குறையாம ஜல்லி போட்டு வச்சேன். நாலு மாசம் ஆச்சு."

"மாமா, நாலு மாசமா ஜல்லிக்குக் காவல் காத்திருக்கீங்க" என்றான் மச்சினன்.

"நீ வாயை மூடு" என்றாள் அக்கா. பிறகு இவனிடம், "டப்பால வெறும் ஜல்லி, அப்ப நாத்தம் எங்கருந்துன்னுதான் போன் பண்ணேன். அப்புறம் மோப்பம் புடிச்சுப் போனா இது, மேல ஒழுகுற தண்ணி சொட்டிட்டிருந்துச்சு. இதை மட்டும் தூக்கிட்டு, மத்ததெல்லாம் போட்டது போட்டபடி வெளிய வந்துட்டோம், போன் உள்ளதான் கிடக்கு."

"நான் சொன்னது எது வரைக்கும் கேட்டுச்சு?"

"'தூக்கிப் போடல' வரைக்கும்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்களா எப்ப வாயத் திறப்பீங்கன்னு நாலு மாசமா பாத்துட்டிருந்தேன். எலி கிலின்னு சொல்லியிருந்தீங்க, முப்பத்தொண்ணும் இன்னிக்கே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்."

அவன் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். கால்சட்டையிலிருந்து தண்ணீர் படி படியாக இறங்கியது. சிரிப்பு வந்தது, அடக்கினான்.

"வேற ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"ஒண்ணு இருக்கு. முப்பத்திரண்டாவது. வேலை செய்யிற இடத்துல, லிஃப்ட் மோட்டார் ரூம்ல."

"அதுல கல் இருக்கா?"

யோசித்தான். "இல்லன்னு நினைக்கிறேன்."

"நினைக்க வேணாம். போய்ப் பாத்துட்டு, கையோட எடுத்துட்டு வாங்க. ஒழுகாத பக்கம் தட்டு காலி பண்ணி வைக்கிறேன்."

எழுந்தான். படியிறங்கினான். மேலிருந்து மச்சினன் குரல் கேட்டது: "அக்கா, அந்தப் பாக்கெட்?"

"அதுவும் வெல்டிங் கடைக்குத்தான்."